நீல முட்டைக்கு ஒரு சேவல் போதும், நிறைய முட்டைக்கு?

ஈரோடு மாவட்டத்தில் தென்னந்தோப்புக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கங்களில் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது. பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

30 சிறுவிடை நாட்டுக்கோழிகளும் 15 கிராமப்பிரியா கலப்பினக் கோழிகளும் வளர்த்துவந்த அவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, ‘அமெரிக்கானா’ என்ற பெயரில் 12 கருமுட்டைகளை ஒன்று 200 ரூபாய் வீதம் வாங்கினார். கூரியரில் வந்த அந்த முட்டைகளில் ஐந்துதான் பொரித்தன. அவற்றில் மூன்று பெட்டை, இரண்டு சேவல். மூன்று பெட்டைகளும் வெளிர்நீல முட்டைதான் இடுகின்றன. ஆனால் வாரத்துக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. தாடி நன்றாக வந்திருந்த சேவலைத் தம் மற்றக் கோழிகளோடு விட்டுக் குஞ்சு எடுத்தபோது, பருவத்துக்கு வந்த 14 விடைக்கோழிகளில் நான்கு பாசிப்பயறு நிறத்திலும், இரண்டு நீலம் கலந்த வெளிர்பச்சையிலும், மீதி எட்டும் வழக்கமான பழுப்பிலும் மங்கலான வெள்ளையிலும் முட்டையிட்டன. பக்கத்துத் தோட்டத்துச் சண்டைச்சேவல் ஒன்று அவ்வப்போது வேலி தாண்டி வந்து போகும் என்பதையும் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ஏதோ போகிற போக்கில் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை: விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? சங்குப்பூவும், குடிநீரில் சிறிது மயில்துத்தமும் கொடுத்தால் நீலம் கூடும் என்கிறார்களே, செய்யலாமா? பட்டாணிக் கொண்டை (மூன்று வரிசையாகத் தாழ்ந்து அமைந்த சிறு கொண்டை) உள்ள குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குஞ்சிலேயே விற்றுவிடலாமா? வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் பெட்டியில் நல்ல இனத்துக் கருமுட்டை கொண்டுவரச் சம்மதித்திருக்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? ‘கொழுப்பில்லாத மருத்துவ முட்டை’ என்று போட்டு ஒன்று 30 ரூபாய்க்கு விற்கலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, நீல நிறம் கெடாமல் ஆண்டுக்கு 250 முட்டை இடும் கோழியை நானே உருவாக்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. முடியும். ஆனால் நீங்கள் நீல நிறத்தைக் கடினமான காரியமாகவும் முட்டை எண்ணிக்கையைத் தானாக வந்துவிடும் காரியமாகவும் நினைத்திருக்கிறீர்கள் என்பது கடிதம் முழுவதும் தெரிகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. நிறத்தை முடிவு செய்வது ஒரே ஒரு மரபணு. எண்ணிக்கையை முடிவு செய்பவையோ பல நூறு மரபணுக்களும், அவற்றோடு சேர்ந்து தீவனமும் வெளிச்சமும் வெயிலும் நோயும்.

நீலம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் குழப்பங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் மபூச்சே பழங்குடி மக்கள் வளர்த்த கோழிகள் நீல முட்டை இடுவதை ஸ்பெயின் நாட்டுக் கோழியியல் அறிஞர் சால்வதோர் காஸ்தெயோ 1914இல் பார்த்தார். 1921இல் ஹேக் நகரில் கூடிய முதல் உலகக் கோழியின மாநாட்டில் அதை அறிவித்தார். பிளஸ் டூ உயிரியலில் புன்னெட் கட்டம் போட்டிருப்பீர்கள் அல்லவா? அந்தக் கட்டத்துக்குப் பெயர் தந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் புன்னெட்தான், சிலியிலிருந்து வந்த அத்தகைய கோழிகளைக் கலப்புச் செய்து பார்த்து, நீல நிறம் ஓங்கு பண்பு என்றும் அது பாலினத்தோடு பிணைந்ததல்ல என்றும் 1933இல் காட்டினார். எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும்; நீலத்துக்கு அவற்றில் ஒரு பிரதி வந்தாலே முட்டை நீலமாகிவிடும் என்பது இதன் பொருள். ஆகவே முட்டையே இடாத சேவலும் நீலத்தைச் சுமக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிவதில்லை, அவ்வளவுதான்.

2013இல் அந்த மரபணு மாற்றம் எது என்பதும் தெரிந்தது. மிகப் பழங்காலத்தில் கோழியின் மரபுத்தொகுதிக்குள் புகுந்து தங்கிவிட்ட ஒரு ரெட்ரோவைரஸின் துண்டு, முதலாம் குரோமோசோமில், சாதாரணமாகக் கல்லீரலில் வேலை செய்யும் ஒரு மரபணுவுக்கு அருகே செருகிக்கொண்டு, அதை முட்டை ஓடு உருவாகும் பையிலும் வேலை செய்ய வைத்துவிட்டது. (வைரஸ் என்றதும் பயந்துவிடாதீர்கள். அது தொற்றாது, முட்டைக்குள் நோயாக இருப்பதுமில்லை. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் மச்சத்தைப் போன்றது.) சீனாவின் ஜியாங்சி மாநிலத்து தோங்சியாங் கோழியிலும் இதே துண்டு சற்றே வேறொரு புள்ளியில் தனியாகச் செருகிக்கொண்டிருக்கிறது; சிலிக் கோழிக்கும் அதற்கும் இந்த விஷயத்தில் உறவில்லை. தோங்சியாங் கோழி தோலும் எலும்பும் கறுத்த இனம் என்பதால்தானோ என்னவோ, நம் ஊரில் கருங்கோழி நீல முட்டை இடும் என்ற வதந்தி சுற்றுகிறது. நம்மிடம் இருக்கும் கருங்கோழியான கடக்நாத் மங்கலான பழுப்பு முட்டைதான் இடும்.

ஓட்டுக்கு நீலம் தரும் பொருளின் பெயர் பிலிவெர்டின். அடிபட்ட இடம் சில நாட்களில் பச்சை பாய்கிறதே, அந்தப் பச்சைக்குக் காரணமான அதே பொருள்தான். முட்டை ஓட்டுப் பையில் ஏறக்குறைய 20 மணி நேரம் தங்கி ஓடு வளரும்போது அது ஓடு முழுவதும் ஊறிவிடுகிறது. பழுப்பு நிறமோ பெரும்பாலும் கடைசி நேரத்தில் மேலே பூசப்படுவது. இதை நீங்களே பார்த்துவிடலாம். உங்கள் பாசிப்பயறு நிற முட்டை ஒன்றை உடைத்து, உள்சவ்வை விரல் நகத்தால் உரித்துவிட்டு, ஓட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே பச்சையாக இருந்த ஓடு உள்ளே சுத்தமான வெளிர்நீலமாக இருக்கும். பழுப்பு முட்டையின் உட்புறம் வெள்ளையாகத்தான் இருக்கும். நீலத்தின் மேல் பழுப்பு பூசினால் நம் கண்ணுக்குப் பச்சை, அதற்கு மேல் வேறு மர்மம் இல்லை.

இப்போது உங்கள் நான்கு பச்சை முட்டைக் கோழிகளின் தாய்கள் யார் என்று யோசியுங்கள். அநேகமாகக் கிராமப்பிரியாவாகத்தான் இருக்கும், அது பழுப்பு முட்டை இடும் கோழி. வெளிர்பச்சை இட்ட இரண்டும் சிறுவிடையின் மகள்களாக இருக்கும். நீல நிறம் ‘கெடவில்லை’. நீங்கள் அதன்மேல் பழுப்பைப் பூசிவிட்டீர்கள். தெளிந்த நீலம் வேண்டுமென்றால் மறுபக்கத்துப் பெற்றோர் வெள்ளை முட்டை இனமாக இருக்க வேண்டும், அதாவது வெள்ளை லெகார்ன். நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கில் நிற்பதும் லெகார்ன் வழி வந்த கோழிகள்தான். நிறத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஒரே மருந்து அமைவது அபூர்வம், இங்கே அமைந்திருக்கிறது.

விற்றவர் ஏமாற்றினாரா?

அரைகுறையாக. அமெரோகானா என்பது 1984இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அங்கீகரித்த தனி இனம். தாடியும் கன்னமுடியும் உண்டு, வாலும் உண்டு. 1976இல் அங்கீகரிக்கப்பட்ட அரௌகானா வால் இல்லாதது, காதருகே முடிக்கற்றை கொண்டது. உங்களுக்கு விற்கப்பட்ட ‘அமெரிக்கானா’ இரண்டும் இல்லை; நீல மரபணு ஏதோ ஒரு தலைமுறையில் கலந்த கலப்புக் கோழிகளுக்கு வியாபாரிகள் உலகெங்கும் வைக்கும் பெயர் அது. அத்தகைய கோழிகள் நீல மரபணுவை இரண்டு பிரதிகளாகவும் வைத்திருக்கலாம், ஒன்றாகவும் வைத்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனவே அவர் இனத்தின் பெயரில் பொய் சொன்னார், நிறத்தில் சொல்லவில்லை. பன்னிரண்டில் ஐந்து பொரித்ததைக் குறையாகச் சொல்லாதீர்கள். கூரியரில் குலுங்கி வந்த முட்டைக்கு அது வழக்கமானதுதான். ஒரு வகையில் உங்களுக்கு நல்லதும் நடந்திருக்கிறது. அசல் அரௌகானாவின் காதுமுடிக் கற்றை மரபணு இரட்டையாக அமைந்த கருக்கள் முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். கற்றை உள்ள இரண்டைச் சேர்த்தால் கால்பங்கு குஞ்சு பொரிக்கும் முன்பே போய்விடும். தாடி மரபணுவில் அந்தத் தொல்லை இல்லை.

இனி உங்கள் சேவல். 14 மகள்களில் ஆறுதான் நீலமும் பச்சையும் என்றால், பாதிக்குச் சற்றுக் குறைவு. நீல மரபணுவின் ஒரே பிரதியைச் சுமக்கும் சேவலிடம் எதிர்பார்க்கக்கூடிய கணக்குதான் இது. இப்படிச் சொல்லி முடித்துவிடவே எழுதத் தொடங்கினேன், அந்த வேலி தாண்டும் சண்டைச்சேவல் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்! எட்டில் எத்தனை அதன் பிள்ளைகள் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. பெட்டைக்கோழி ஒரு முறை சேவலோடு சேர்ந்தால் விந்தைத் தன் உடலுக்குள் இரண்டு, மூன்று வாரம் வரை சேமித்து வைத்துக்கொள்ளும். ஆகவே இனப்பெருக்கத்துக்குரிய பெட்டைகளை எல்லாச் சேவல்களிடமிருந்தும் மூன்று வாரம் பிரித்து, கூரையும் வலையும் உள்ள தனிக்கூண்டில் வேண்டிய சேவலோடு மட்டும் விட்டு, பத்து நாள் கழித்து எடுக்கும் முட்டைகளைத்தான் அந்தச் சேவலின் முட்டை என்று எழுதலாம்.

உங்களிடம் இன்னொரு சேவல் இருக்கிறதே, அதை ஏன் சோதிக்கவில்லை? தாடி அழகாக இல்லை என்பதால் ஒதுக்கியிருக்கிறீர்கள். தாடிக்கும் முட்டை நிறத்துக்கும் தொடர்பே இல்லை. இரண்டு சேவல்களையும் தனித்தனிக் கூண்டில் நான்கு நான்கு சிறுவிடைப் பெட்டைகளோடு விடுங்கள். நீலம் இல்லாத பெட்டைகளிடமிருந்து ஒரு சேவலுக்குப் பிறந்த ஏழு மகள்களும் நீலமோ பச்சையோ இட்டால், அந்தச் சேவலை இரட்டைப் பிரதி உள்ளதாகவே கொள்ளலாம்; ஒற்றைப் பிரதிச் சேவலுக்கு அப்படி அமைவதற்கான வாய்ப்பு 128இல் ஒன்றுதான். ஒரே ஒரு மகள் பழுப்போ வெள்ளையோ இட்டாலும் தீர்ந்தது, அது இரட்டை இல்லை. ஓட்டின் உட்புறத்தைப் பார்க்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

கொண்டையை நம்பலாமா?

பட்டாணிக் கொண்டை இருந்தால் நீல முட்டை இடும் என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் நீல முட்டை மரபணுவும் ஒரே குரோமோசோமில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. நூற்றுக்கு மூன்று நான்கு முறைதான் பிரிந்து போகும். ஒற்றைக் கொண்டை லெகார்ன் பெட்டையோடு, பட்டாணிக் கொண்டையையும் நீலத்தையும் ஒரே குரோமோசோமில் சுமக்கும் சேவலைச் சேர்த்தால், பட்டாணிக் கொண்டை வந்த குஞ்சு நீல முட்டை இடும் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

ஆனால் நம் மண்ணில் ஒரு சிக்கல் உண்டு. சேவல் வளர்ப்பவர்கள் ‘பூ’ என்று சொல்லும் கொண்டைகளில், அசீல் எனப்படும் நம் சண்டைக்கோழிக்கு இருப்பது பட்டாணிக் கொண்டைதான், அதற்கும் நீலத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஊர்ச் சிறுவிடைகளிலும் அந்த ரத்தம் எங்காவது கலந்திருக்கும். ஆகவே உங்கள் தோட்டத்தில் கொண்டையைப் பார்த்துக் கழித்தால், வேலி தாண்டி வந்தவரின் வாரிசுகளைப் பத்திரமாக வளர்த்துவிட்டு நல்ல நீலக் கோழியைச் சந்தையில் விற்றுவிடும் ஆபத்து இருக்கிறது. இங்கிலாந்தில் உருவான கிரீம் லெக்பார் கோழியைப் பாருங்கள்: ஒற்றைக் கொண்டை, நீல முட்டை. அங்கே அந்தப் பிணைப்பு எப்போதோ அறுந்துவிட்டது. லெகார்ன் கூண்டில் மட்டும் கொண்டை விதியைப் பயன்படுத்துங்கள், அதுவும் முதல் தொகுதிக் குஞ்சுகளை முட்டையிடும் வரை வளர்த்துச் சரிபார்த்த பிறகு.

சங்குப்பூ, மயில்துத்தம்

சங்குப்பூவின் நீலம் கோழியின் குடலைத் தாண்டி ஓட்டுக்குப் போகாது. தீங்கில்லை, பலனும் இல்லை; தேநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் விளையாட்டல்ல. அது செம்பு உப்பு. அளவு மீறினால் இரைப்பையை அரித்து, கல்லீரலைக் கெடுத்து, கோழியைக் கொல்லும். குடிநீரில் கலக்கும்போது எந்தக் கோழி எவ்வளவு குடித்தது என்ற கணக்கும் நம் கையில் இல்லை. கொடுக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். முட்டை இடத் தொடங்கிய புதிதில் நீலம் அடர்த்தியாகவும், மாதங்கள் போகப் போக வெளிறியும் இருப்பது இயல்பு. இரண்டு பிரதி உள்ள கோழியின் நீலம் ஒற்றைப் பிரதிக் கோழியினுடையதைவிடச் சற்று அடர்த்தியாக இருக்கும் என்பதும் இயல்பு. தீவனக்காரர் யாரும் இதை மாற்ற முடியாது.

முட்டை எண்ணிக்கைக்கு வழி

உங்கள் மூன்று நீலப் பெட்டைகள் வாரம் மூன்று என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 150. நல்ல பராமரிப்பில் வணிக லெகார்ன் 300ஐ ஒட்டி இடும். இரண்டுக்கும் பிறக்கும் முதல் தலைமுறை இரண்டுக்கும் நடுவே, கலப்பு வீரியம் (வெவ்வேறு இனங்கள் சேரும்போது பிள்ளைகளுக்கு வரும் கூடுதல் திறன்) சேர்ந்தால் நடுவிலிருந்து சற்று மேலே நிற்கும். 220, 230 என்பது உங்கள் தோட்டத்தில் நியாயமான எதிர்பார்ப்பு. 250ஐ எட்டும் தனிக் கோழிகளும் அதில் இருக்கும். ஆனால் மந்தை முழுவதும் 250 என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே உங்கள் முன் இரண்டு பாதைகள் உள்ளன. முதல் பாதையில் நீங்கள் இனம் எதையும் உருவாக்குவதில்லை. நீலக் கோழிகளைச் சிறு குழுவாகத் தூய்மையாக வைத்துக்கொண்டு, அவற்றின் சேவலை லெகார்ன் பெட்டைகளோடு சேர்த்து, ஆண்டுதோறும் முதல் தலைமுறைக் குஞ்சுகளைப் புதிதாக எடுத்து, அவற்றின் முட்டையை விற்கிறீர்கள். அந்தக் கலப்பிலிருந்து மேற்கொண்டு குஞ்சு எடுப்பதில்லை. சேவல் இரட்டைப் பிரதி உள்ளதாக இருந்தால் மகள்கள் அத்தனையும் நீலம். ஒற்றையாக இருந்தாலும் பாதி நீலம், மீதிப் பாதி வெள்ளை, அதையும் விற்கலாம். லெகார்னின் வெள்ளை இறகு ஓங்கு பண்பு என்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாக, அங்கங்கே கரும்புள்ளியோடு வரும்; இறகு அழகை எதிர்பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இரண்டாவது பாதையில், முதல் தலைமுறை நீலக் கோழியை மீண்டும் லெகார்னோடு சேர்த்து, அதில் நீலமாக வரும் பாதியிலிருந்து நிறைய முட்டை இடுபவற்றைத் தேர்ந்து, அவற்றைத் தமக்குள் சேர்த்து, அதில் கால்பங்கு மட்டும் வரும் இரட்டைப் பிரதிகளைச் சோதித்துக் கண்டுபிடித்து, இனத்தை நிலைநிறுத்த வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகள். முதல் தலைமுறைக் கலப்புகளைத் தமக்குள்ளேயே சேர்த்தால் கலப்பு வீரியத்தில் பாதி உடனே போய்விடும் என்பதும், நான்கில் ஒன்று நீலத்தை இழக்கும் என்பதும் பலரை முதல் சுற்றிலேயே களைக்க வைத்துவிடும். கேம்பிரிட்ஜில் லெக்பார் கோழிகளை உருவாக்கியவர்களும் லெகார்ன் ரத்தத்தைத்தான் அடித்தளமாக வைத்தார்கள். கிரீம் லெக்பார் அங்கீகாரம் பெற 1958 வரை ஆயிற்று. என் ஆலோசனை: முதல் பாதையில் வருமானம் பார்த்துக்கொண்டே, ஆசை இருந்தால் ஓரமாக இரண்டாவதைத் தொடங்குங்கள். வீட்டுச் செலவுக்கு இரண்டாவதை நம்பாதீர்கள்.

லெகார்ன் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நாமக்கல் பக்கத்தில் பண்ணைகள் முட்டைக்காலம் முடிந்த கோழிகளை மலிவாகக் கழிப்பார்கள். வாங்காதீர்கள். ஆயிரக்கணக்கில் அடைபட்டு வாழ்ந்த கோழி, தான் நோயுறாமலே சளிநோய்க் கிருமிகளைச் சுமந்துவந்து உங்கள் சிறுவிடைகளுக்குக் கொடுத்துவிடும். திருவிழாக்களில் சாயம் பூசிக் கூடையில் விற்கும் குஞ்சுகளையும் வாங்க வேண்டாம். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் ஒதுக்கிய சேவல் குஞ்சுகள்தாம், தடுப்பூசி போட்டார்களா என்பது தெரியாது. ஏதாவது ஒரு பொரிப்பகத்திலிருந்து மாரெக்ஸ் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி போட்ட ஒருநாள் பெட்டைக் குஞ்சுகள் 25 வாங்கி வளர்ப்பதே சரி. ஐந்து மாதத்தில் முட்டைக்கு வரும், அதற்குள் உங்கள் சேவல் சோதனையும் பாதி தாண்டியிருக்கும். லெகார்ன் அடைக்கு உட்காராது. அதற்காகச் சிறுவிடைகளை விற்றுவிடாதீர்கள். ஒரு முறைக்கு 12, 15 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும் அந்தப் பழக்கம் முட்டை வியாபாரத்துக்குக் கேடு, ஆனால் குஞ்சு பொரிக்க அதைவிட நல்ல இயந்திரம் நீங்கள் வாங்க முடியாது.

குறிப்பேட்டைப் பற்றி ஒரு சொந்தக் கதை. பணியில் சேர்ந்த புதிதில் நானும் ஒரு சிறு மந்தையில் முட்டைத் தேர்வு செய்தேன். கால் வளையத்துக்குப் பதிலாகச் சிக்கனமாக வண்ணக் கம்பளி நூல் கட்டினேன். ஆறு வாரத்தில் கோழிகளே ஒன்றன் காலை ஒன்று கொத்தி நூலை அவிழ்த்துவிட்டன. சிவப்பு எது, ஆரஞ்சு எது என்று மழையில் நனைந்த பிறகு எனக்கே தெரியவில்லை. எட்டு மாத உழைப்பு வீண். எண் பொறித்த பிளாஸ்டிக் வளையம் போடுங்கள். எந்தக் கோழி எந்த முட்டையை இட்டது என்று அறிய, கோழி நுழைந்ததும் கதவு தானே விழும் பெட்டிகளை மரத்தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். நாள் முழுதும் கவனிக்க ஆள் இல்லையென்றால் வாரத்தில் மூன்று நாள் மட்டும் கதவைப் பொருத்தினாலும் போதுமான கணக்கு கிடைக்கும். ஓராண்டு காத்திருக்கவும் தேவையில்லை, 40 வாரம் வயது வரையிலான எண்ணிக்கையே நல்ல அளவுகோல்.

முட்டை எண்ணிக்கை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் அளவு குறைவு, ஏறக்குறைய பத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரைதான். அதனால் ஒரே ஒரு கெட்டிக்காரக் கோழியைத் தேர்வதைவிட, சகோதரிகள் எல்லோரும் நன்றாக இடும் குடும்பத்தைத் தேர்வதே பலன் தரும். சேவலை அதன் தாயையும் சகோதரிகளையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பெண் பார்க்கப் போனால் குடும்பத்தைப் பார் என்பார்கள், இங்கே மாப்பிள்ளைக்கும் அதே விதி.

தகப்பனை மகளோடு சேர்த்தால் பாவமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். பாவ புண்ணியத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஒரே சேவலும் 20 பெட்டையும் வைத்து மந்தையை அதற்குள்ளேயே பெருக்கினால், நெருங்கிய உறவுக் கலப்பு தலைமுறைக்கு ஏறக்குறைய 13 சதவீதம் ஏறும். வெவ்வேறு குடும்பத்து ஐந்து சேவல்கள் இருந்தால் அதே 20 பெட்டைக்கு 3 சதவீதம்தான். ஏறும்போது முதலில் அடிபடுவது பொரிப்புத் திறனும் முட்டை எண்ணிக்கையும், அதாவது நீங்கள் கூட்ட நினைக்கும் அதே விஷயம். நிறத்தை உறுதிப்படுத்த ஒரு முறை அப்படிச் சேர்க்கலாம், வழக்கமாக்கக் கூடாது.

மரபு எவ்வளவு நன்றாக இருந்தாலும், 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இல்லாமல் லெகார்ன் கலப்பு தன் முழு எண்ணிக்கையைக் காட்டாது. நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் இருக்கும், விடிகாலையில் ஒரு பல்பு போட வேண்டும். மேய்ச்சலும் அடுப்படி மிச்சமும் சிறுவிடைக்குப் போதும், இதற்குப் போதாது. நாளுக்கு 110 கிராம் அளவில் முட்டைக்கோழித் தீவனமும், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சலும் வையுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் போடும் ஊசி, இரண்டையும் தவறவிடாதீர்கள்.

உறவினரின் பெட்டியும் மருத்துவ முட்டையும்

வெளிநாட்டுக் கருமுட்டையைப் பயணப் பெட்டியில் கொண்டுவருவது சட்டத்துக்குப் புறம்பானது. 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்கீழ், மத்திய அரசின் கால்நடைத் துறையிடம் முன்கூட்டியே சுகாதார இறக்குமதி அனுமதி பெறாமல் கருமுட்டையோ குஞ்சோ நாட்டுக்குள் வரக்கூடாது. விமான நிலையத்தில் பிடிபட்டால் முட்டை அழிக்கப்படும், உறவினருக்கு வழக்கும் வரலாம். பிடிபடாமல் வந்தால் அது இன்னும் மோசம். பறவைக்காய்ச்சலோ, முட்டை வழியே இறங்கும் சால்மோனெல்லாவோ உங்கள் தோட்டத்தோடு நிற்காது. நீல மரபணு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; அதை வாங்க இன்னொரு முறை இவ்வளவு ஆபத்து எதற்கு?

விற்பனை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீல முட்டையில் கொழுப்பு இல்லை என்பது பொய். எந்த நிற முட்டையானாலும் பெரிய முட்டை ஒன்றில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருக்கும். மஞ்சள் கரு எப்படி அமைகிறது என்பதைத் தீர்மானிப்பது தீவனம், ஓட்டின் நிறம் அல்ல. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து என்று எழுதுவது, அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் ஒருவரை ஆபத்தில் தள்ளும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பெயர் போட்ட பெட்டியில் விற்கத் தொடங்கும் முன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். ‘தோப்பில் வளர்ந்த கோழியின் நீல முட்டை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினாலே, பார்த்தவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். 30 ரூபாய் கிடைக்குமா என்பது உங்கள் வாடிக்கையாளரைப் பொறுத்தது. புதுமைக்காக ஒரு முறை 30 கொடுப்பவர் வாராவாரம் கொடுக்கமாட்டார், ஆகவே கணக்கை 15 ரூபாயில் போட்டுப் பாருங்கள். அதோடு, பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல், லெகார்ன் கலப்புச் சேவலில் கறி அதிகம் தேறாது என்ற நட்டத்தையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றே காரியங்கள். மயில்துத்தம் கலந்த தண்ணீர் இருந்தால் கொட்டிவிட்டுக் குடிநீர்க் கலங்களைக் கழுவுங்கள். வேலியை உயர்த்துங்கள், அல்லது பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசுங்கள். எட்டுச் சிறுவிடைப் பெட்டைகளுக்கு எண் வளையம் போட்டு, சேவல் வாசமே படாத இடத்தில் மூன்று வாரம் அடையுங்கள். அதன் பிறகு நான்கை ஒரு சேவலிடமும் நான்கை மற்றதிடமும் விட்டு, பொரிக்கும் குஞ்சுகளுக்கு அன்றே தகப்பன் பெயரை எழுதிவிடுங்கள். இன்றிலிருந்து எண்ணினால் எட்டு, ஒன்பது மாதத்தில் மகள்கள் முட்டைக்கு வந்துவிடும். தாடி அழகில்லாத அந்தச் சேவலின் முதல் ஏழு மகள்கள் என்ன நிறத்தில் முட்டையிட்டன என்று, ஓட்டின் உட்புறத்தையும் பார்த்துவிட்டு, எனக்கு எழுதுங்கள்.